வாங்கிக் காத்த காடு, மறுத்துக் காத்த காடு

1875ஆம் ஆண்டில் லண்டனில் முப்பத்தாறு வயதுப் பெண் ஒருவர் பணம் கேட்டுக் கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்தார். பெயர் ஆக்டேவியா ஹில். அவர் கேட்டது தனக்காக இல்லை. லண்டன் நகரத்தின் வடமேற்கு ஓரத்தில் சுவிஸ் காட்டேஜ் வயல்கள் என்று அழைக்கப்பட்ட புல்வெளி ஒன்று இருந்தது. மேரில்போன் பகுதியின் இருட்டுச் சந்துகளில் வாழ்ந்த ஏழைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தே போய்ச் சேரக்கூடிய பசுமை அது. அங்கே வீடுகள் எழும்பப்போகின்றன என்று தெரிந்ததும், நிலத்தையே வாங்கிப் பொதுமக்களுக்கு விட்டுவிடலாம் என்று ஆக்டேவியா முடிவெடுத்தார். தேவைப்பட்ட தொகை 10,000 பவுண்டு. சில வாரங்களிலேயே 8,000 பவுண்டுக்கு மேல் சேர்ந்துவிட்டது. ஆனால் நிலத்துக்கு உரியவர்கள் விற்க மறுத்துவிட்டார்கள். வயல்கள் வீட்டுமனைகளாயின. இன்று அங்கே போனால் ஃபிட்ஸ்ஜான்ஸ் அவென்யூ என்ற அகன்ற சாலையும் அதன் இருபுறமும் செல்வந்தர் வீடுகளும்தான் இருக்கின்றன.

தோற்றுப்போன இந்த வசூலிலிருந்துதான் இந்தக் கட்டுரையைத் தொடங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அக்கம்பக்கத்தார் கூடிப் பணம் திரட்டி ஒரு தோப்பையோ காட்டையோ காப்பாற்றிய கதைகளை நாம் பெரும்பாலும் வெற்றிக் கதைகளாகவே படிக்கிறோம். அவற்றில் பெண்கள் இருப்பார்கள்; அதிகமாகவே இருப்பார்கள். கதவு தட்டியவர்கள், கடிதம் எழுதியவர்கள், கணக்கு வைத்தவர்கள், தேநீர் போட்டுக் கூட்டம் நடத்தியவர்கள் எல்லாம் பெண்கள். அந்த உழைப்பு என்னவாயிற்று, எதை வாங்கியது, எதை வாங்க முடியாமல் போனது என்று யாரும் விரிவாகக் கேட்பதில்லை. இரண்டு நாடுகளின் இரண்டு வரலாறுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

வசூல் என்னும் வேலை

ஆக்டேவியா ஹில் 1838இல் பிறந்தவர். அவருடைய சிறுவயதிலேயே தந்தையின் தொழில் நொடித்துப் போனது. குடும்பத்தைத் தாங்கியவர் தாய் கரோலின். பதினான்கு வயதில் ஆக்டேவியா, ஏழைப் பள்ளிச் சிறுமிகள் பொம்மை செய்யும் ஒரு பட்டறையை மேற்பார்க்கும் பொறுப்பில் இருந்தார். ஒரே அறையில் பிறந்து, அதே அறையில் வேலை செய்து, அதே அறையில் சாகும் வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதை அந்தச் சிறுமிகளிடமிருந்துதான் அவர் அறிந்தார். 1865இல் ஜான் ரஸ்கின் கொடுத்த பணத்தில் மேரில்போனில் மூன்று பாழடைந்த வீடுகளை எடுத்துச் சீர்செய்து, ஏழைகளுக்கு வாடகைக்கு விட்டு நிர்வகிக்கத் தொடங்கினார். வாடகை வசூலிக்க அவர் பெண்களைப் பழக்கினார். வீடு வீடாகப் போவது, ஒவ்வொரு குடும்பத்தின் நிலையும் அறிந்திருப்பது, சில்லறைக் காசையும் நோட்டில் எழுதி வைப்பது எல்லாம் அந்த வேலையின் பகுதிகள். நிலத்துக்காகப் பணம் திரட்டும் கலையை ஆக்டேவியா கற்றது இங்கேதான்.

ஏழைக்கு வீடு மட்டும் போதாது, உட்கார ஓர் இடமும் விளையாட ஒரு வெளியும் வேண்டும் என்பது அவருடைய உறுதியான கருத்து. சுவிஸ் காட்டேஜ் வயல்கள் கைநழுவிய பிறகும் அவர் ஓயவில்லை. ஹாம்ப்ஸ்டெட் மேட்டை ஒட்டிய பார்லிமெண்ட் ஹில் வயல்களுக்காக நடந்த நீண்ட போராட்டத்தில் பங்கெடுத்தார். உள்ளாட்சி அமைப்புகளின் பணமும் மக்களின் நன்கொடையும் சேர்ந்து 1889இல் அந்த நிலம் பொதுச் சொத்தானது. 1895இல் சட்டத்தரணி ராபர்ட் ஹண்டர், பாதிரியார் ஹார்ட்விக் ரான்ஸ்லி ஆகியோருடன் சேர்ந்து நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார். அந்த அமைப்புக்குக் கிடைத்த முதல் நிலம் வேல்ஸ் நாட்டின் பார்மத் ஊருக்கு மேலே, கடலைப் பார்த்தபடி இருக்கும் நாலரை ஏக்கர் மலைச்சரிவு. அதைக் கொடுத்தவரும் ஒரு பெண்: ஃபேனி டால்பட்.

1902இல் வந்தது காட்டுக்கான வசூல். இங்கிலாந்தின் வடக்கே ஏரி மாவட்டத்தில் டெர்வெண்ட்வாட்டர் ஏரியின் மேற்குக் கரையில் பிராண்டல்ஹோ என்றொரு காடு. அது விற்பனைக்கு வந்தது. வாங்குபவர்கள் கரையோரம் வில்லாக்கள் கட்டுவார்கள், பிறகு அந்தக் கரையில் ஊராரும் வழிப்போக்கரும் கால் வைக்க முடியாது என்ற அச்சம் எழுந்தது. 108 ஏக்கர், விலை 6,500 பவுண்டு. வேண்டுகோள் போனது. ஐந்து மாதத்தில் பணம் சேர்ந்தது. அதில் பெரிய மனிதர்களின் காசோலைகள் இருந்தன. ஆலைத் தொழிலாளி ஒருவர் அனுப்பிய இரண்டு ஷில்லிங்கும் இருந்தது. அந்த ஏரியைத் தாம் ஒருமுறை பார்த்ததாகவும் அதை மறக்க முடியவில்லை என்றும் அவர் எழுதியிருந்தார். அந்த அக்டோபரில் விக்டோரியா அரசியின் மகள் லூயிஸ் வந்து காட்டைப் பொதுமக்களுக்குத் திறந்துவைத்தார்.

இரண்டு ஷில்லிங் அனுப்பியவரின் கடிதத்தை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதைப் பிரித்துப் படித்து, பதிவேட்டில் ஏற்றி, ரசீது எழுதி, நன்றிக் கடிதம் அனுப்பிய கைகளைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆக்டேவியா ஹில் தலைமுறைப் பெண்களின் பொதுவாழ்வு பெருமளவு இந்த வேலைகளால் ஆனது. வீட்டுக்குள் செய்த கணக்கும் கவனிப்பும் உபசரிப்பும் வீதிக்கு வந்தபோது அவற்றுக்குத் ‘தொண்டு’ என்று பெயர் வைத்தார்கள். கூலி கிடையாது. கூலி இல்லாததனாலேயே அது வேலையாகக் கணக்கில் வரவில்லை.

சொத்தே இல்லாதவர்கள் சொத்து வாங்கியது

இந்த வசூல்களின் காலத்தைச் சட்டத்தோடு பொருத்திப் பார்த்தால் இன்னொரு விநோதம் தெரியும். இங்கிலாந்துச் சட்டப்படி திருமணமான பெண்ணின் உடைமை கணவனுக்கே உரியது. 1870ஆம் ஆண்டுச் சட்டம் அவள் சம்பாதித்த கூலியையும் சிறிய மரபுரிமைகளையும் மட்டும் அவளுக்கு விட்டுக்கொடுத்தது. முழுச் சொத்துரிமை வந்தது 1882இல்தான். அதாவது 1875இல் சுவிஸ் காட்டேஜ் வயல்களுக்காக ஒரு மனைவி நன்கொடை தர விரும்பியிருந்தால், பெரும்பாலும் அவள் கணவனின் பணத்தைத்தான் தந்திருக்க முடியும். திருமணம் செய்துகொள்ளாத ஆக்டேவியாவுக்கு அந்தத் தடை இல்லை. அந்தக் காலத்தில் பொதுவேலைக்கு முன்னால் வந்து நின்றவர்களில் மணமாகாத பெண்களும் கைம்பெண்களும் மிகுதியாக இருந்ததற்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சொத்துரிமை மறுக்கப்பட்டவர்களின் நடுவிலிருந்து வந்த ஒருவர் சொத்தைப் பற்றி யோசித்த விதம் ஆச்சரியமானது. வாங்குவதும் விற்பதும்தான் உலகம் என்றால், ஒரே ஒரு முறை வாங்கிவிட்டு அதோடு அந்தச் சங்கிலியை அறுத்துவிட வேண்டும் என்பது அவர்களது திட்டம். 1907இல் நாடாளுமன்றம் இயற்றிய நேஷனல் டிரஸ்ட் சட்டம் இதற்கு உருவம் கொடுத்தது. அறக்கட்டளை ஒரு நிலத்தை ‘பிறருக்குக் கைமாற்ற முடியாதது’ என்று அறிவித்துவிட்டால், பிறகு அந்த அறக்கட்டளையே நினைத்தாலும் அதை விற்க முடியாது. இனி விலையே இல்லாமல் செய்வதற்காகக் கொடுக்கப்பட்ட கடைசி விலை அது.

ஆனாலும் ஆக்டேவியாவை நம்முடைய முன்னோடி என்று அப்படியே எடுத்துக் கொண்டாடிவிட முடியாது. பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்று 1910இல் டைம்ஸ் இதழுக்குக் கடிதம் எழுதியவர் அவர். பெண்ணின் தொண்டு கட்சி அரசியலில் கலந்தால் கெடும் என்று நம்பினார். காட்டுக்கு ஆயிரக்கணக்கில் பணம் திரட்டக்கூடிய பெண், அந்தக் காட்டைப் பற்றிச் சட்டம் இயற்றும் மன்றத்துக்கு ஆள் அனுப்பும் உரிமையை வேண்டாம் என்றார். அவருடைய வழியின் எல்லையும் இதில் தெரிகிறது. உடையவர் விற்கச் சம்மதித்தால்தான் வசூல் பலிக்கும். அவர் தலையசைக்காவிட்டால் 8,000 பவுண்டு கையில் இருந்தும் புல்வெளி போய்விடும். உடையவரின் ‘முடியாது’ என்ற சொல்லுக்கு எதிராக வைக்க வசூல்காரர்களிடம் வேறு எதுவும் இருக்கவில்லை.

ஹன்டர்ஸ் ஹில்லின் பதின்மூவர்

ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில், அந்த ‘முடியாது’ வேறு பக்கத்திலிருந்து வந்தது.

சிட்னியில் பாரமட்டா ஆற்றங்கரையில் ஹன்டர்ஸ் ஹில் என்ற வசதியானவர்கள் வாழும் பகுதி இருக்கிறது. அங்கே ஆற்றை ஒட்டிச் சுமார் 12 ஏக்கர் புதர்க்காடு. 1892இல் டி. எச். கெல்லி என்பவர் அங்கே உலோகம் உருக்கும் ஆலை ஒன்றை நிறுவினார். ஆலைப் புகைக்கும் குடியிருப்புக்கும் இடையே தடுப்பாக அந்தக் காட்டை வெட்டாமல் விட்டார்கள். யாருக்கும் பயன்படாத இடைவெளி என்று விடப்பட்டதால்தான் அது பிழைத்தது. பிள்ளைகள் அங்கே ஏறி விளையாடினார்கள். அதை ஊரார் ‘கெல்லிஸ் புஷ்’ என்று அழைத்தார்கள்.

1960களின் இறுதியில் ஆலை வேறிடத்துக்குப் போனது. ஏ. வி. ஜென்னிங்ஸ் என்ற பெரிய கட்டுமான நிறுவனம் அங்கே வீடுகள் கட்டத் திட்டமிட்டது. 1970 செப்டம்பரில் அக்கம்பக்கத்துப் பெண்கள் பதின்மூன்று பேர் கூடி ‘கெல்லிஸ் புஷ் போராளிகள்’ என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். பெட்டி ஜேம்ஸ், கேத் லெஹானி ஆகியோர் அவர்களில் முக்கியமானவர்கள். பெரும்பாலோர் நடுத்தர, மேல்நடுத்தரக் குடும்பப் பெண்கள். தெருவில் இறங்கிப் பழக்கமில்லாதவர்கள். அந்தத் தொகுதியே பழமைவாதிகளின் கோட்டை.

அவர்களும் வழக்கமான எல்லாவற்றையும் செய்தார்கள். துண்டறிக்கை அடித்தார்கள், உள்ளூர் மன்றத்துக்கு மனு கொடுத்தார்கள், அமைச்சரைப் பார்த்தார்கள், மாநில முதல்வர் ராபர்ட் ஆஸ்கினுக்கு எழுதினார்கள். எங்கும் மரியாதையான பதில்கள் கிடைத்தன, காரியம் ஆகவில்லை. 1971 ஜூனில் நிலத்தை வீட்டுமனையாக மாற்ற அமைச்சர் ஒப்புதல் அளித்தார். ஆக்டேவியா 1875இல் நின்ற அதே இடத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்தார்கள். நகரின் மிக விலையுயர்ந்த ஆற்றங்கரை நிலம் அது. கட்டுமான நிறுவனத்தோடு விலை பேசிப் போட்டியிட அவர்களால் ஆகாது.

அப்போது அவர்கள் போன இடம் தொழிற்சங்கம். நியூ சவுத் வேல்ஸ் கட்டுமானக் கூலித் தொழிலாளர் கூட்டமைப்பின் செயலாளர் ஜாக் முண்டி ஒரு கம்யூனிஸ்ட். அவர்கள் வாழ்ந்த தெருக்களில் அந்தச் சொல்லையே வெறுத்தவர்கள் பலர். தங்கள் வர்க்கத்துக்கு வெளியே, தங்கள் கணவன்மாரின் நட்பு வட்டத்துக்கு வெளியே போய் அந்தப் பெண்கள் உதவி கேட்டார்கள். இந்த வரலாற்றின் திருப்பம் இதில்தான் இருக்கிறது.

சங்கம் உடனே தலையாட்டவில்லை. சில பேரின் விருப்பமா, ஊரின் விருப்பமா என்று கேட்டது. பெண்கள் பொதுக்கூட்டம் கூட்டினார்கள். 600 பேர் வந்தார்கள். அந்தக் கூட்டம் முறைப்படி சங்கத்தைக் கேட்டுக்கொண்டது. அதன்பின் கட்டுமானத் தொழிலாளர்கள் கெல்லிஸ் புஷ்ஷில் வேலை செய்வதில்லை என்று தடை விதித்தார்கள். சங்கத்தில் இல்லாத ஆட்களை வைத்து வேலையை முடிப்போம் என்றது நிறுவனம். வடக்கு சிட்னியில் அதே நிறுவனத்தின் அலுவலகக் கட்டடம் ஒன்று பாதி எழும்பி நின்றது. அங்கே வேலை செய்த தொழிலாளர்கள் கூடித் தீர்மானம் போட்டார்கள்: கெல்லிஸ் புஷ்ஷில் ஒரு மரம் விழுந்தாலும் இந்தக் கட்டடம் அரைகுறையாகவே என்றென்றைக்கும் நிற்கும். நிறுவனம் பின்வாங்கியது.

இதுவே பின்னர் ‘பசுமைத் தடை’ என்று பெயர் பெற்ற போராட்ட வடிவத்தின் தொடக்கம். தொழிலாளிக்குத் தன் கூலியைப் பற்றிப் பேச மட்டுமல்ல, தன் உழைப்பு எதற்குப் பயன்பட வேண்டும் என்று சொல்லவும் உரிமை உண்டு என்பது முண்டியின் வாதம். உழைப்பைக் கொடுக்க மறுப்பவர்கள் முன்னால் நிலம் யாருக்குச் சொந்தம் என்ற பத்திரம் செயலிழந்தது. ஜெர்மனியின் பெட்ரா கெல்லி 1970களில் சிட்னிக்கு வந்தபோது இந்தத் தடைகளைப் பார்த்து ‘பசுமை’ என்ற சொல்லை ஐரோப்பிய அரசியலுக்கு எடுத்துச் சென்றார் என்று ஆஸ்திரேலியப் பசுமைக் கட்சியின் முன்னாள் தலைவர் பாப் பிரவுன் சொல்லியிருக்கிறார்.

தடை திறந்த கதவுகள்

1971க்கும் 1974க்கும் இடையில் சிட்னியிலும் சுற்றுவட்டாரத்திலும் நாற்பதுக்கும் மேற்பட்ட பசுமைத் தடைகள் விதிக்கப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை வசதியானவர்களின் ஆற்றங்கரைக்காக விதிக்கப்பட்டவை அல்ல. துறைமுகத்தை ஒட்டிய தி ராக்ஸ் பகுதியில் தலைமுறைகளாக வாடகைக்கு வாழ்ந்த உழைக்கும் குடும்பங்களை அப்புறப்படுத்தி உயரமான அலுவலகங்கள் கட்ட அரசு முயன்றபோது, குடியிருப்போர் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் நீட்டா மக்ரே என்ற பெண். வுல்லூமூலூவில் ஏழைகளின் வீடுகள் தடையால் தப்பின. ரெட்ஃபெர்னில் பழங்குடி மக்களின் குடியிருப்புக்காகவும் சங்கம் நின்றது. ஹன்டர்ஸ் ஹில் பெண்கள் தங்கள் காட்டுக்காகத் தட்டிய கதவு, அவர்களைவிட வசதி குறைந்தவர்களுக்கும் திறந்தது.

பாடமெடுக்கும் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டிய தடை ஒன்று உண்டு. 1973இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் ஜீன் கர்தாய்ஸ், லிஸ் ஜாக்கா என்ற இரு பெண்கள் பெண்ணியச் சிந்தனை பற்றிய பாடம் ஒன்றைத் தத்துவத் துறையில் நடத்த முன்வந்தார்கள். பேராசிரியர் குழு மறுத்தது. மாணவர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். கட்டுமானத் தொழிலாளர்கள் பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த கட்டட வேலைகளை நிறுத்தி அவர்களுக்குத் துணைநின்றார்கள். பாடம் நடந்தது. ஒரு பாடத்திட்டத்துக்காகக் கொத்தனாரும் சித்தாளும் வேலையை நிறுத்தினார்கள் என்பதை நம் வகுப்பறைகளில் நினைத்துப் பார்க்க வேண்டும். சித்தாள் என்றதும் நமக்குத் தலையில் சட்டி சுமக்கும் பெண் நினைவுக்கு வருகிறாள். ஆஸ்திரேலியாவில் கட்டுமானத் தளம் ஆண்களின் கோட்டையாக இருந்தது. அதற்குள் பெண்களைச் சம கூலியோடு சேர்க்கவும் இதே சங்கம்தான் போராடியது.

இதற்கெல்லாம் விலை இருந்தது. விக்டோரியா வீதியின் பழைய வீடுகளைக் காக்க, தான் நடத்திய உள்ளூர்ப் பத்திரிகையில் இடைவிடாமல் எழுதிய ஹுவானிடா நீல்சன் 1975 ஜூலை 4ஆம் தேதி ஒரு சந்திப்புக்குப் போனார்; திரும்பவில்லை. அவர் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. அதே ஆண்டில் நார்ம் கேலகர் தலைமையிலான தேசியச் சங்கம் நியூ சவுத் வேல்ஸ் கிளையைக் கைப்பற்றியது. முண்டியும் தோழர்களும் வெளியேற்றப்பட்டார்கள். பசுமைத் தடைகளின் காலம் முடிந்தது.

ஆனால் கெல்லிஸ் புஷ் நின்றது. 1983இல் நெவில் ரான் தலைமையிலான மாநில அரசு அந்த நிலத்தைப் பொதுப் பூங்காவாக ஆக்கியது. பதின்மூன்று பெண்களும் முதல் கூட்டம் போட்டதிலிருந்து பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. பணம் கடைசியில் வந்தது, அதுவும் அரசின் கையிலிருந்து. அது வரும்வரை மரங்களைப் பிடித்து வைத்திருந்தது, வேலை செய்ய மறுத்த தொழிலாளர்களின் சொல்.

பட்டியலில் இல்லாதவர்கள்

இரண்டு வரலாறுகளையும் வியந்து முடித்துவிடக் கூடாது. கெல்லி அங்கே வருவதற்கு முன்னால் அந்த ஆற்றங்கரை வல்லுமெடகல் மக்களின் நிலம். அவர்களிடம் யாரும் வாங்கவில்லை, எடுத்துக்கொண்டார்கள். ‘எங்கள் காடு’ என்று பதின்மூவர் சொன்னபோது அந்த ‘எங்கள்’ என்ற சொல்லுக்குள் அந்த மக்கள் இல்லை. பிராண்டல்ஹோவிலும் காட்டை ரசிக்க வந்தவர்கள் எல்லோரும் ரயில் கட்டணம் கொடுக்க முடிந்தவர்களே. இடத்தைக் காக்கும்போது யாருக்காகக் காக்கிறோம் என்ற கேள்வியைப் பெண்களும் தவறவிடுவோம். தவறவிட்டிருக்கிறோம்.

பெண்கள் ஒரு மரத்தடியில் கூடிப் பணம் சேர்க்கத் தொடங்கும்போது இந்த வரலாற்றிலிருந்து மூன்று விஷயங்களை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். ஒன்று, வசூல் நோட்டில் பணம் கொடுத்தவர் பெயருக்குப் பக்கத்தில் நேரம் கொடுத்தவர் பெயரையும் எழுத வேண்டும். ஆக்டேவியாவின் வாடகை வசூல் தோழிகளில் பெரும்பாலோர் பெயர் நமக்குத் தெரியாது. அது வரலாற்றின் தவறு மட்டுமல்ல, நோட்டின் தவறும்கூட. இரண்டு, உடையவர் விற்க மறுத்தால் அடுத்து என்ன என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்ள வேண்டும். மூன்று, நம் வட்டத்துக்குள் இல்லாத யாருடைய கையில் அந்த மரத்தை வெட்டும் வேலை கொடுக்கப்படப்போகிறது என்று பார்க்க வேண்டும். அவர்களிடம் போய்ப் பேச வேண்டும். கோடாரி பிடிப்பவருக்கும் வீடு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் நிழல் வேண்டும். ஹன்டர்ஸ் ஹில் பெண்கள் தயங்கித் தயங்கிக் கடைசியாகச் செய்தது அதைத்தான். நாம் அதை முதலில் செய்யலாம்.